மேகம் இறங்கிய படலம்

கேளுங்கள், நெல்விளை நாட்டீரே! நீடாமங்கலத்துக்குக் கிழக்கே, வெண்ணாற்று நீர் பாயும் வளவயல் சூழ் சிற்றூரில், துரைராசு பெற்ற தூமகள், சர்வர் காக்கும் தொழிலாட்டி, சுடர்விழி என்னும் வீராங்கனை, ஒரு கிலோ எடைகூட இல்லாத லேப்டாப்பைக் கையிலேந்திப் பெருஞ்சமர் புரிந்த வரலாற்றை உரைக்கப் புகுந்தோம். கொட்டாவி விடுவோர் இப்போதே எழுந்து போகலாம்.

அந்த லேப்டாப்பின் பெருமை யாதெனில், பெருமை ஏதும் இல்லாமையே. பிரௌசர் என்னும் ஒற்றைச் சாளரம் தவிர உள்ளே வேறொன்றும் கிடையாது. நாலு டேப் கூடுதலாகத் திறந்தால் மூச்சு வாங்கும். எனினும் வலிமைமிகு பொறிகள் எல்லாம் எங்கோ தொலைவில் வீற்றிருக்க, அவற்றை ஏவும் கட்டளை இச்சாளரத்தின் வழியே சென்றால் போதும் என்பது அவள் துணிபு. சென்னையிலிருந்து அவளை ஆளும் மேனேஜர் இராஜாங்கமோ அதை மதித்தாரில்லை.

“அது பிள்ளைங்க ஹோம்வொர்க் பண்ற சாமான்மா. அத வச்சிக்கிட்டு ஒரு தடவ சர்வர நிமுத்த முடியலன்னாலும், பொட்டியக் கட்டிக்கிட்டு ஆபீசுக்கு வந்துடணும்” என்று ஆணை பிறப்பித்திருந்தார். மறுபடி ஹாஸ்டல், மறுபடி அந்தச் சாம்பார்! சுடர்விழி அஞ்சியது இவ்விரண்டுக்கே.

புரட்டாசி முற்பகலொன்றில் சர்வர் சாய்ந்தது. கொடுமை பாருங்கள், அதே நேரம் மூணு பேஸ் கரண்டும் வந்தது. குறுவை நெல்லைத் தெருவெங்கும் காயப் போட்டிருந்த ஊரார், சம்பா வயலுக்கு நீர் இறைக்க ஒருசேர மோட்டார்களை முடுக்கினர்; வோல்ட்டேஜ் வீழ்ந்தது; மோடம் கண் மூடியது; நெட் மாண்டது. அந்தோ! நெட் போன பின் அந்த லேப்டாப் வெறும் தாம்பாளம்.

பேசுவதற்கு மட்டும் சிக்னல் கிட்டும் மொட்டைமாடிக்கு, லேப்டாப்பை அக்குளில் இடுக்கியபடி ஏறினாள் ஏந்திழை. சர்வர்கள் உறையும் கிளவுடை மேகம் என்பதும், அது படுத்துவிட்டால் இறங்கிவிட்டது என்பதும் அவர்கள் அலுவலகத்து வழக்கு. ஆகவே போனில், எட்டுத் திக்கும் அதிர முழங்கினாள்:

“சார், கேக்குதா? மேகம் இறங்கிடுச்சு சார்! மொத்தமா இறங்கிடுச்சு!”

கீழே நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த அவள் தாய் தங்கமணி, வானத்தை ஏறிட்டும் பார்த்தாளில்லை. மாடியில் நிற்பவளுக்குத் தெரியாததா?

“அய்யய்யோ, மழ வருதாம்! மோட்டார நிறுத்திட்டு ஓடியாங்க! படுதாவ எடுங்க!”

அவ்வளவுதான். அக்குரல் வாய்மாறி வாய்மாறி வயற்காடு முழுதும் பரவ, மோட்டார்கள் ஒவ்வொன்றாய் அடங்க, துரைராசு முதலாய ஆடவர் வேட்டியை வரிந்து கட்டித் தெரு நோக்கிப் பாய்ந்து, குவித்தும் மூடியும் கல் வைத்தும் நெற்குவியல் காத்தனர். மோட்டார்கள் ஓய்ந்ததும் வோல்ட்டேஜ் எழுந்தது. வீட்டினுள் மோடம் விழித்தது.

விட்டாளா வீராங்கனை! மற்ற டேப்களை ஈவிரக்கமின்றி மூடினாள். எஞ்சிய ஒன்றின் வழியே கட்டளைமேல் கட்டளையாய்த் தொடுத்தாள். சர்வர் எழுந்தது.

“சரிம்மா, நீ அங்கேருந்தே பாரு” என்று பணிந்தார் இராஜாங்கம். சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

தெருவிலோ, பளீரென்று அடித்த வெயிலில் வேர்த்து விறுவிறுத்து, அண்ணாந்து நின்றது ஊர்.

“எங்கடி மழ?” என்றாள் தங்கமணி.

சுடர்விழி கீழே இறங்கிப் போய் எல்லார் வீட்டு நெல்லையும் மறுபடி காயப் போட்டாள்.