புறாக்குஞ்சு எதுவரை குஞ்சு?

மதிப்பிற்குரிய அகராதி ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவனின் வணக்கம். நலம், நலமறிய ஆவல் என்று எழுதினால் முதல் பாதி பொய்யாகிவிடும். ஆகவே தாங்களாவது நலமாக இருங்கள்.

என் மனைவி தங்கள் அலுவலகத்தில் பிழை திருத்துநராக இருந்தவள். இப்போது நுரையீரல் கெட்டுப் படுத்திருக்கிறாள். எங்கள் படுக்கையறைக்கு ஒரே ஜன்னல். அதன் விளிம்பில், கதவை ஒட்டி, ஒரு புறா கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருக்கிறது. கதவைத் தள்ளினால் கூடு கீழே. டாக்டரோ, "புறா எச்சம் ஆகவே ஆகாது. முதல்ல அதை அப்புறப்படுத்தி ஜன்னலைத் திறந்து வைங்க" என்கிறார். இவளோ, "குஞ்சு இருக்கிற கூட்டைக் கலைக்க விடமாட்டேங்க" என்கிறாள். அந்தக் குஞ்சு தின்று கொழுத்துத் தாயையே இடித்துத் தள்ளுகிறது ஐயா! "இதுவா குஞ்சு?" என்று கேட்டேன். "இது குஞ்சு இல்லைன்னு அகராதியில இருந்தா காட்டுங்க, ஒத்துக்கறேன்" என்றாள். பார்த்தேன். 'பறவையின் இளமை' என்று போட்டிருக்கிறீர்கள். இளமை எதுவரை? என் மைத்துனன் அறுபது வயதிலும் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறான். கோழிக்காவது நடுவில் வெடைக்கோழி என்று ஒரு படி உண்டு. கிளிப்பிள்ளையும் கீரிப்பிள்ளையும் சாகும்வரை பிள்ளைகள்தாம், போகட்டும். புறாவுக்கு ஏன் ஒரு கெடுவும் இல்லை? கறிக்கடைக்காரரைக் கேட்டால், "தராசுல நின்னா கோழி, நிக்காட்டி குஞ்சு" என்கிறார். சரி, எடை போட்டுப் பார்ப்போம் என்று ஸ்டூல் மேல் ஏறி, ஜன்னலுக்கு மேலுள்ள காற்றுத் துவாரக் கம்பி வழியாகக் கையைக் கீழே விட்டேன். அது கொத்தியது, நான் விழுந்தேன். இவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், கடைசியில் கைக்குட்டையில் ரத்தம். எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா. அவள் யார் பேச்சையும் கேட்கமாட்டாள், தங்கள் அச்செழுத்தைக் கேட்பாள். 'சிறகு முழுதும் முளைத்தபின் புறா குஞ்சு அன்று' என்று ஒரே ஒரு வரி, முத்திரை குத்தி, உடனே அனுப்புங்கள். அன்றைக்கே ஜன்னலைத் திறந்துவிடுவேன், அவளும் எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

தங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் மூச்சு சீராக ஓடட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்காக வாசலிலேயே நிற்கும்
நேரக்காப்பாளர்

பி.கு.: ஐயா, இது அவருடைய மனைவி. பிழை பார்த்து உறையில் போடச் சொல்லி இதை என்னிடம் கொடுத்தார். நான்கு பிழை திருத்தியிருக்கிறேன். அது குஞ்சு இல்லை என்று எனக்கும் தெரியும், போன வாரமே பறந்து பழகிவிட்டது. ஜன்னலைத் திறந்தாலும் மூடினாலும் இனி ஒன்றுதான் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லிவிட்டார். இவர் என்னைப் பார்த்து அழாமல் புறாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். அது இருக்கட்டும். பதிலை மட்டும் சீக்கிரம் அனுப்பிவிடாதீர்கள்.