மடக்குப் பிடங்கு

கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போன ஒரு பெண் "கதவில் இடிபட்டது" என்று சொன்னால் உலகத்தில் ஒருவரும் நம்புவதில்லை. உண்மையாகவே கதவில் இடிபட்டிருந்தாலும் நம்பமாட்டார்கள். பக்கத்தில் கணவன் என்று ஒருவர் நின்றுவிட்டால் பிறகு விசாரணையே கிடையாது, நேரே தீர்ப்புத்தான்.

என் கணவர் குகன் எப்படிப்பட்டவர் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். காரில் வழி சொல்லும் பெண்குரல் "திரும்பிப் போகவும்" என்றால், "சொறி, சொறி" என்று அதனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திருப்புகிறவர். குளியலறையில் சிலந்தியைக் கண்டால் கிளாசில் ஏந்திக்கொண்டு போய் வெளியே விடுவார். பனிக்காலம் என்றால் கராஜில் விடுவார் (வெளியில விட்டா அதுக்குக் குளிருமாம்). இந்த மனிதரைத்தான் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு மண்டபம் நிறைந்த சொந்தக்காரர்கள் பெண்சாதியை அடிக்கிறவன் என்று நம்பினார்கள். காரணம் நான்தான். நானும் என்னுடைய துவக்கும்.

பயப்பட வேண்டாம், லைசென்ஸ் உள்ள துவக்கு. நான் கார் உதிரிப்பாகக் கடை ஒன்றில் கவுண்டரில் நிற்கிறவள். கூட வேலை செய்யும் ஷெரில் ஒஷாவாவில் இருந்து வருகிறாள். சனிக்கிழமைகளில் குறி பார்த்துச் சுடும் கழகம் ஒன்றுக்குப் போவாள். "ஒருநாள் வந்துதான் பாரேன்" என்று கூட்டிக்கொண்டு போனாள். முதல் நாளே கடதாசி வட்டத்தின் நட்ட நடுவில் ஓட்டை போட்டேன். பள்ளிக்கூடத்தில் சாக்கோட்டத்தில்கூடக் கடைசியாக வந்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, லைசென்ஸ் எடுத்து, ஒரு சின்ன ரைபிளும் வாங்கிவிட்டேன்.

குகன் மறுக்கவில்லை. மறுக்கத் தெரியாது. ஒரேயொரு நிபந்தனை போட்டார்.

"வதனி, அம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது."

அதில் நியாயம் இருந்தது. மாமி எங்களோடு ரூஜ் பகுதியில் உள்ள வீட்டில்தான் இருக்கிறார். இலங்கையில் சண்டைக் காலத்தை முழுதாகப் பார்த்துவிட்டு வந்தவர். தொலைக்காட்சியில் யாராவது துவக்கைத் தூக்கினால் உடனே சனலை மாற்றிவிடுவார். அதனால் அவருக்கு எந்தப் படத்தினுடைய முடிவும் தெரியாது. அப்படிப்பட்டவர் ஒருநாள் என் நீளப் பெட்டியைக் கண்டு, "உது என்ன பிள்ளை?" என்று கேட்டபோது, நான் வாயைத் திறக்க முன்னமே குகன், "கீபோட் அம்மா. வதனி சனிக்கிழமையில கீபோட் பழகப் போறவள்" என்று சொல்லிவிட்டார். வாழ்க்கையில் அவர் சொன்ன முதல் பொய் அதுதான் என்று நினைக்கிறேன். சொன்ன பிறகு நெடுநேரம் காது சிவந்திருந்தது.

மாமிக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. கோயிலில், தமிழ்க் கடையில், போனில், எல்லா இடமும் "என்ர மருமகள் கீபோட் வாசிக்கிறவள்" என்று சொல்லத் தொடங்கினார். பிறகு "ஒருக்கா எடுத்து வாசியன், கேப்பம்" என்று பெட்டிக்குப் பக்கத்திலேயே கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கத் தொடங்கினார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. துவக்கின் பின்பக்கம் தோளில் முட்டுக் கொடுக்கிற மரக்கட்டை இருக்கிறதே, பிடங்கு, அதைக் கழற்றிவிட்டு மடக்கக்கூடிய பிடங்கு ஒன்றைப் பூட்டினால் துவக்கு குட்டையாகிவிடும். நீளப் பெட்டி தேவையில்லை. அலுமாரிக்குள் ஒரு சின்னப் பெட்டியில் வைத்துப் பூட்டினால் கீபோட் என்ற பேச்சே எழாது. மடக்கினாலும் சட்டம் சொல்லும் நீளத்துக்குக் குறையாது என்று அளந்தும் பார்த்தேன். சட்டத்தில் நான் மிகவும் கவனம். மற்றதில்தான் கவனமில்லை.

கடையில் கொடுத்தால் பூட்டித் தருவார்கள். ஆனால் நான் உதிரிப்பாகக் கவுண்டரில் நிற்கிறவள் அல்லவா? எந்த நட், எந்த போல்ட், எந்த ஸ்பிரிங் என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு பெயர் சொல்லுவேன். பெயர் தெரிந்தால் பூட்டவும் தெரியும் என்று நினைத்துவிட்டேன் (மெக்கானிக்மார் ஏன் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறவங்கள் எண்டு அண்டைக்குத்தான் விளங்கிச்சுது). இணையத்தில் ஒரு தாடிக்காரர் கோப்பி குடித்துக்கொண்டே அதைப் பூட்டி முடித்தார். கோப்பி ஆறவில்லை.

குகனுடைய அக்காவின், அதாவது என் மச்சாளின், மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை சாமத்தியவீடு, பெரியபிள்ளையான சடங்கு. முதல் நாள் பின்னேரம் மாமி பலகாரம் சுட உதவிக்கு அங்கே போயிருந்தார். இதைவிட நல்ல நேரம் வராது என்று வீட்டுக்குக் கீழே பேஸ்மன்றில் உடுப்புத் தோய்க்கிற மெஷினின் மேல் துவாயை விரித்து வேலையைத் தொடங்கினேன். துவக்கில் தோட்டா இல்லை. வெடிக்க வைக்கிற பாகத்தையும் கழற்றி மேலே பூட்டி வைத்திருந்தேன். அப்படியிருந்தும் குகன் வாசலில், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றார்.

"ரோச் லைற்றைப் பிடியுங்கோவன்!"

"காதைப் பொத்தினபடி எப்பிடிப் பிடிக்கிறது?"

"ஏன் பொத்திறியள்? இது இப்ப வெறும் இரும்பு."

"எண்டாலும் வதனி, அதுக்குத் தெரியுமோ தான் வெறும் இரும்பெண்டு?"

மரப்பிடங்கு சுலபமாகக் கழன்றது. புதியதும் சுலபமாக ஏறியது. முடிவில் ஒரு சின்னக் கம்பித்துண்டும் ஒரு வாஷரும் மிஞ்சின. தாடிக்காரருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. கொம்பனிக்காரன் இனாமாகப் போட்டிருப்பான் என்று எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

ஒரு பொத்தானை அமத்தினால் பிடங்கு மடங்கவேண்டும். திரும்ப நிமிர்த்தினால் "கிளிக்" என்று பூட்டிக்கொள்ளவேண்டும். மடங்கியது. நிமிர்ந்தது. கிளிக்தான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று குனிந்து, அந்த மூட்டுக்குள் கண்ணை வைத்து, இன்னுமொருக்கால் பொத்தானை அமத்தினேன்.

அந்த மூட்டுக்குள் அவ்வளவு பலம் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பிடங்கு படார் என்று வந்து என் இடது கண்ணுக்குக் கீழே எலும்பில் விழுந்தது. நான் உடுப்புக் கூடைக்குள் இருந்தேன்.

"ஐயோ, வெடிச்சிட்டுதோ?" என்று குகன் கத்தினார்.

"இல்லையப்பா. மடங்கிட்டுது."

பிரீஸரில் ஐஸ்கட்டி இல்லை. உறைந்த நெத்தலிப் பைக்கற்தான் இருந்தது. அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு இருந்தபோது மாமி வந்துவிட்டார்.

"என்ன பிள்ளை இது?"

"கதவு" என்றார் குகன். அதே நேரத்தில் நான், "படி" என்றேன்.

மாமி என்னைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். குகனின் காது சிவந்துவிட்டது. மாமி ஒன்றும் பேசாமல் தன் அறைக்குப் போனார். எனக்கு நெத்தலி மணம் ஒரு கவலை, பூட்டாத துவக்கு ஒரு கவலை. மாமி ஏன் பேசவில்லை என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

காலையில் கண் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. மேக்கப் போட வந்த பிள்ளை இங்கே பிறந்தவள். தூரிகையை வைத்துவிட்டு என் கையைப் பிடித்து மெல்லிய குரலில், "அக்கா, ஆர் யூ சேஃப் அற் ஹோம்?" என்று கேட்டாள். "ஓம் ஓம், ஐ ஆம் வெரி சேஃப்" என்றேன். அவள் நம்பவில்லை. "இதை மறைக்கேலாது அக்கா. மற்றக் கண்ணுக்கும் இதே கலர் போட்டுவிடுறன்" என்றாள். இரண்டு கண்ணும் ஊதாவாக, மாம்பழக் கலர்ச் சேலையோடு மண்டபத்துக்குப் போனேன்.

பெண்கள் பக்கம் போன உடனே பேச்சு நின்றது. ஒரு பெரியம்மா என்னைத் தூணுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், "ஆம்பிளையள் எண்டா கோவம் வரும் பிள்ளை, நாங்கள்தான் பார்த்து நடக்கோணும்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு, அடிவாங்காமலேயே விவாகரத்து எடுத்திருப்பேன். நல்லவேளை, பின்னாலேயே வந்த ஒரு அன்ரி, "அவ கிடக்கிறா. எங்கட பேஸ்மன்ற் சும்மாதான் இருக்கு. இண்டைக்கே வா. வாடகை ஒண்டும் வேண்டாம்" என்று கைக்குள் ஒரு சாவியை, அந்த பேஸ்மன்றின் திறப்பையே வைத்தார். திறப்போடுதான் சாமத்தியவீட்டுக்கு வந்திருக்கிறார்! "அன்ரி, அவர் அடிக்கேல்லை" என்றேன். "எல்லாரும் முதல்ல அப்பிடித்தான் சொல்லுவினம்" என்று அவர் கண்ணைத் துடைத்தார்.

ஆண்கள் பக்கம் குகன் தனியாக ஒரு மேசையில் இருந்தார். அந்த மேசையில் மற்றக் கதிரைகள் எல்லாம் காலி. வடைத் தட்டோடு வந்த பெடியன்கூட அவரைத் தாண்டிப் போனான். மச்சாளின் கணவர் அவரைக் கார்ப் பார்க்கிங்குக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கனநேரம் கதைத்துவிட்டு வந்தார். திரும்பி வந்த குகனின் கண் கலங்கியிருந்தது. ஓடிப்போய்க் கேட்டேன்.

"என்ன சொன்னவர்?"

"கோவத்தை அடக்கிறதுக்கு ஒரு வகுப்பு இருக்காம். தானே கூட்டிக்கொண்டு போறாராம்."

"நீங்கள் உண்மையைச் சொல்லியிருக்கலாமே!"

"அம்மா இஞ்சதானே நிக்கிறா" என்றார் குகன். "துவக்கெண்டு கேட்டா பயந்திடுவா. என்னைப் பிழையா நினைச்சா நினைக்கட்டும்."

அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. இந்த மனிதர் தாய் பயப்படக் கூடாது என்பதற்காக, செய்யாத ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டு வடையும் இல்லாமல் இருக்கிறார். நானோ மிஞ்சின வாஷரைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்போது மாமி எங்களை நோக்கி வந்தார். பட்டுச்சேலையை இடுப்பில் செருகியிருந்தார்.

"உன்ர அப்பர் ஒருநாளாவது என்னில கை வச்சவரோடா?" என்று குகனைக் கேட்டார். "அந்த மனுசனுக்குப் பிறந்த நீ..."

கையையும் ஓங்கிவிட்டார். குகன் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். வீடியோக்காரர் மேடையை விட்டுவிட்டு எங்கள் பக்கம் கமராவைத் திருப்பினார். நான் நடுவில் விழுந்தேன்.

"மாமி! அவர் அடிக்கேல்லை! துவக்கு! என்ர துவக்குப் பிடங்கு அடிச்சது!"

மண்டபம் முழுக்கக் கேட்கத்தான் கத்தினேன். ஆனால் ஒருவரும் நம்பவில்லை. "பாவம், புருசனைக் காப்பாத்த என்னவெல்லாம் சொல்லுது" என்று பெரியம்மா பின்னால் சொன்னார். திறப்பு அன்ரி அழவே தொடங்கிவிட்டார்.

மாமி மட்டும் கையை இறக்கினார். என் நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். சேலைத் தலைப்பால் அந்தப் பிள்ளை பூசிய மேக்கப்பை மெல்லத் துடைத்தார். கன்ன எலும்பின் மேல் ஒரு நேர்க்கோடு, அதன் நுனியில் ஒரு வளைவு.

"இது கையால அடிச்சதில்லை" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படியாக. "பிடங்குதான். குகன்ர அப்பாவைச் செக்பொயின்ற்றில மறிச்சு அடிச்சு விட்டவங்கள். இப்பிடித்தான் இருந்தது. நான்தானே ஒத்தணம் பிடிச்சனான். எனக்குத் தெரியாதோ?"

நான் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அது குளிர்ந்திருந்தது. இந்த நினைவை அவருக்குக் கொண்டுவரக் கூடாது என்றுதானே நாங்கள் இவ்வளவு பொய்யும் சொன்னோம்.

"மாமி, குறை நினையாதையுங்கோ."

"பொறு" என்றார். "இதை நீ எங்க வாங்கினனி?"

"கடையில, மாமி."

"காசு குடுத்தோ?"

"ஓம்."

"அவங்கள் எங்களுக்குச் சும்மா அடிச்சாங்களடி" என்றார் மாமி. "நீ காசு குடுத்து வாங்கி, உனக்கு நீயே அடிச்சிருக்கிறாய்!"

அவர் வாயோரம் மெல்ல இழுபட்டது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கதிரையைத் தேடி இருந்து, கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். மாமி அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. மச்சாள் சிரித்தாள். மேடையில் இருந்த பிள்ளையும் மாலையோடு சிரித்தாள். நாலு பக்கத்தில் இருந்தும் குகனுக்கு வடைத் தட்டு வந்தது. மாமி மூச்சு வாங்கி ஓய்ந்தபோது, "அப்ப கீபோட் இல்லையோ?" என்று கேட்டார். "இல்லை மாமி" என்றேன். அதற்குத்தான் அவர் முகம் உண்மையாகவே வாடியது.

மரப்பிடங்கைத் திரும்பக் கடைக்காரரிடம் கொடுத்துப் பூட்டுவித்தேன். கண் மெதுவாக மஞ்சளாகி, பிறகு தெளிந்தது. பெயர்தான் தெளியவில்லை. எங்கள் சொந்தத்தில் இரண்டு குகன்கள். முன்பெல்லாம் எங்களுடையவரை ரூஜ் குகன் என்பார்கள். மற்றவர் ஏஜக்ஸில் இருக்கிறார், பல் வைத்தியர். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எங்களுடையவர் "அடிக்காத குகன்" ஆகிவிட்டார். "அடிக்காத குகனுக்குச் சொல்லியாச்சோ?" என்றுதான் கலியாணங்களுக்கு ஆள் கணக்கெடுக்கிறார்கள். அவருக்கும் அதில் ஒரு பெருமை.

போன மாதம் ஒரு பிறந்தநாள் விழாவில் ஏஜக்ஸ் குகனின் மனைவி என்னைக் கண்டு நேரே வந்தாள். நல்ல கோபம்.

"அக்கா, தயவுசெய்து உங்கட ஆளுக்கு வேற பேர் வையுங்கோ. போற வாற இடமெல்லாம் சனம் என்ர கையைப் பிடிச்சு, நீங்கள் மற்றக் குகன்ர வைஃபோ எண்டு மெல்லமாக் கேக்குது. நேற்று ஒரு அன்ரி பேஸ்மன்ற் திறப்பை என்ர கைக்குள்ள வச்சிட்டுப் போறா!"