நீச்சல்குளத்தில் நாற்பது பேர்

“உனக்குப் பேச வருமா, வராதா?”

வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி கேட்டார். வரும் என்று அவள் தலையை ஆட்டினாள். அன்றிலிருந்து அந்த அலுவலகத்தில் அவள் பெயர் பூனை.

கட்டப்போகும் கட்டடங்களுக்குச் சின்னதாக மாதிரி செய்துகொடுக்கும் இடம் அது. அட்டையில் சுவர், பஞ்சில் மரம், பிளாஸ்டிக்கில் கட்டைவிரல் உயர மனிதர்கள். வேலை முடிந்தால் சுவரும் மரமும் குப்பைக்குப் போகும். மனிதர்கள் போக மாட்டார்கள். பழைய பெயிண்டைக் கழற்றிப் புதிது பூசினால் போதும், நேற்றைய டாக்டர் இன்று மூன்றாவது மாடிக் குடித்தனக்காரர்.

அன்று காலை முதலாளி ஒரு மூடிய டப்பாவை அவள் மேஜையில் வைத்தார்.

“ஆஸ்பத்திரி ஆளுங்க நாப்பது பேர். ஸ்பிரிட்ல ஊறுறாங்க. அரைமணி கழிச்சு எடுத்து, பழைய டூத்பிரஷ்ல மெதுவா தேய். பெயிண்ட் வந்துடும். அப்புறம் அந்த நாலு மாடி வீட்டு மாதிரியில நிறுத்து. மூணு மணிக்கு அதைப் பாக்கக் கட்டடக்காரம்மா வர்றாங்க. இன்னிக்குத் தெரிஞ்சிடும், நீ இங்க இருப்பியா போவியான்னு.”

அவள் தலையை ஆட்டினாள். பள்ளிக்கூடத்தைத்தான் பாதியில் விட்டாயிற்று; இதையும் விட்டால் அண்ணி முகத்தில் எப்படி விழிப்பது?

கடிகாரத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். அப்போது பார்த்துக் கணக்கர் வந்து, தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பேசுகிறவரை நிறுத்த அவளுக்கு வாய் வரவில்லை. இடது முழங்கால் முடிந்து வலது தொடங்கியது. அவர் எழுந்து போகையில் ஒரு மணி நேரம் ஓடியிருந்தது.

டப்பாவைத் திறந்தாள். பெயிண்ட் போயிருந்தது. கூடவே நாற்பது மூக்குகளும் போயிருந்தன.

பதறிப்போய் பிரஷ்ஷால் தொட்டாள். ஒரு நர்ஸின் கை பிரஷ்ஷோடு வந்தது. எல்லாம் கொழகொழவென்று சாய்ந்து நின்றதால் வெந்நீரில் போட்டு நிமிர்த்திப் பார்த்தாள். நிமிரவில்லை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டார்கள். பிளேடால் பிரித்தாள். முடித்து எண்ணிப் பார்த்தால் சிலருக்கு மூன்று கால், பலருக்கு ஒன்றுமே இல்லை.

“என்னம்மா, மூஞ்சி இப்படி வேர்த்துக் கொட்டுது?” பெருக்க வந்த அக்கா எட்டிப் பார்த்தாள்.

அவள் டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, இல்லை என்றா, அவளுக்கே தெரியாது.

“சரியான பூனைதான் போ,” என்று அக்கா துடைப்பத்தோடு நகர்ந்தாள்.

மணி இரண்டே முக்கால். கால் இல்லாதவர்களை எங்கே நிறுத்துவது? மாதிரியில் ஓர் இடம் மட்டும் இருந்தது.

கட்டடக்காரம்மா மூன்று மணிக்குச் சரியாக வந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

“நாலு மாடி வீடு. ஒரு ஈ காக்கா இல்ல. எல்லாரும் ஏன் நீச்சல்குளத்துல நிக்கிறாங்க?”

முதலாளி ஒருவரைத் தலையைப் பிடித்துத் தூக்கினார். மார்போடு முடிந்துவிட்டார். இன்னொருவரைத் தூக்கினார். பக்கத்து வீட்டுக்காரரும் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தார்.

“பாத்தீங்களா மேடம்!” முதலாளி எல்லோருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தார். “பெயிண்ட் தின்னர் பட்டா பிளாஸ்டிக் கரைஞ்சிடும்னுதான் நான் எப்பவும் ஸ்பிரிட்லயே போடுவேன். அதுலயும் முதல்ல ஒண்ணை மட்டும் போட்டுப் பார்ப்பேன். பாத்துப் பாத்துக் கொடுத்தா, இந்தப் பொண்ணு... ஏய், எவ்ளோ நேரம் ஊற விட்டே?”

நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது அவளுக்கு. அந்த அலுவலகத்தில் முதல்முறையாக வாயைத் திறந்தாள். நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது குரல்.

“ஒரு மணி நேரம் சார். என் தப்புதான். நான்தான் கரைச்சுட்டேன்.”

எல்லாத் தலைகளும் திரும்பின. காது நுனிவரை சுட்டது. கணக்கர் குனிந்து தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டார். அவள் பையைத் தோளில் மாட்டினாள்.

தண்ணீர்த் தம்ளர்களோடு உள்ளே வந்த பெருக்கும் அக்கா, குளத்தைப் பார்த்து நின்றாள்.

“அட, இந்தப் பொம்மைங்களா? ஸ்பிரிட் தீர்ந்து ரெண்டு நாளாச்சேம்மா! காலைல சார்தான் தின்னரை ஊத்தி மொத்தத்தையும் உள்ள போட்டாரு. ஒரு மூக்கு கழண்டு மேல மிதந்துச்சு பாரு, உடனே மூடியைப் போட்டுட்டு, ‘அந்தப் பூனை வந்துடுச்சா?’ன்னு என்கிட்ட கேட்டாரு.”

கையில் இருந்த இரண்டு பேரையும் முதலாளி மெல்லக் குளத்தோரம் படுக்கவைத்தார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.