தையல்காரரின் மணிப்பூ

கல்யாணத்துக்கு இன்னும் ஒரே மாதம். மொட்டை மாடித் தொட்டிகளில் இலை இருந்தது, மேலும் இலை இருந்தது, பூவை மட்டும் காணோம்.

தையல்காரர் ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்தார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது அவருக்குக் கைவந்த கலை. மகளின் கல்யாணம் பேசி முடித்த அன்றே சம்பந்தியிடம் அளந்துவிட்டிருந்தார்.

"மேடை ஜாடியில கடைப்பூவே கிடையாது, சம்பந்தி. நானே விதை போட்டு வளர்த்த மணிப்பூதான். நீலமா, கொத்துக் கொத்தா, மணி மாதிரியே தொங்கும்."

"அப்படியா! விதை எந்தக் கடையில?"

பெருமை தாங்காமல் கடைக்கு வழியும் சொல்லிவிட்டார்.

விதையோ தூசி மாதிரி. பறந்துவிடும் என்று மின்விசிறியை நிறுத்தி, மனைவி தும்ம வந்தால் வாசலுக்குத் துரத்தி, அப்படிப் பொத்திப் பொத்தி விதைத்தவர் அவர். இப்போது விதைக்கடைக்கு ஓடினார்.

"முதல் வருஷம் இலைதான் சார். அடுத்த வருஷம்தான் பூ."

"இதை அன்னிக்கே சொல்லக் கூடாதா?"

"நீங்க எங்க சார் என்னைப் பேச விட்டீங்க?"

கடைப்பூ வாங்கிவிடலாம்தான். ஆனால் சம்பந்தி முகத்தில் எப்படி விழிப்பது? வலது காலில் ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு போன் செய்தார்.

"மாடிப்படியில விழுந்துட்டேன், சம்பந்தி. கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமா?"

"தாராளமா! உடம்புதானே முக்கியம்!"

மறுநாளே சம்பந்தி வீட்டார் நலம் விசாரிக்க வந்து நின்றார்கள். பதற்றத்தில் தையல்காரர் இடது காலை நொண்டினார்.

"கட்டு வலது கால்லதானே இருக்கு?" என்றாள் சம்பந்தியம்மா.

"வலி இந்தப் பக்கமும் வந்துடுச்சும்மா."

ஆக, இரண்டு காலிலும் கட்டு. தையல் மெஷினை மிதிக்க வழியில்லை, கடையைப் பூட்டவேண்டியதாயிற்று. செடிக்குத் தண்ணீர் சுமந்தவள் மனைவி. அவள் வாயிலிருந்து வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது.

கால் சாக்கு பழசானதும், கல்யாண மண்டபத்துக் கூரை ஒழுகுகிறது என்றார்.

"ரொம்ப நல்லதாப் போச்சு!" என்றார் சம்பந்தி.

மனைவி போனைப் பிடுங்கி வைத்தாள். "ஏங்க, கூரை ஒழுகுதுன்னா நல்லதாப் போச்சுன்னு எவனாவது சொல்வானா? அவங்களுக்கு இந்தச் சம்பந்தமே பிடிக்கலை. நழுவப் பாக்கறாங்க."

உள்ளேயிருந்து மகளின் அழுகை கேட்டது. "உங்க பூவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்ப்பா!"

தையல்காரர் துள்ளி எழுந்தார். தன் வீம்புக்குப் பெற்ற பெண்ணின் வாழ்க்கையா பலி? கட்டுகளை அவிழ்த்து எறிந்துவிட்டு, காலில் விழுந்தாவது காரியத்தை முடிப்பது என்று சம்பந்தி வீட்டுக்கு ஓடினார்.

சம்பந்தியம்மாதான் கதவைத் திறந்தாள். அவர் மூச்சு வாங்கக் கொட்டித் தீர்த்தார்.

"எல்லாம் பொய்ம்மா. கால் நல்லாத்தான் இருக்கு. கூரையும் ஒழுகலை. என் மணிப்பூ பூக்கலை, அந்த வெட்கத்துலதான் தள்ளித் தள்ளிப் போட்டேன். என் பொண்ணை வேண்டாம்னு சொல்லிடாதீங்க."

சம்பந்தியம்மா மாடிப்படியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மெதுவாப் பேசுங்கண்ணா, மாடியில தொட்டி தொட்டியாக் குனிஞ்சு பாத்துட்டிருக்கார். உங்களை முந்திக் காட்டறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இவரும் அதே கடையிலதான் விதை வாங்கினார். என்ன சாக்கு சொல்றதுன்னு தவிச்ச மனுஷன், நீங்க விழுந்துட்டீங்கன்னு கேட்ட அன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்கினார்!"