பல் குடையும் மெஷினுக்குச் சுருதி சேர்த்த கதை

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்காவைக் கட்டிக்கொண்ட ஒரே காரணத்துக்காக உன் பேச்சை நம்பிய அத்தான் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், உன் அக்காவின் கடைவாய்ப் பல்லைத் தவிர. போனில் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாய் என்பதால் எழுதுகிறேன்.

பல் டாக்டர் பெண்டாட்டிக்கே கன்னம் வீங்கிக் கிடந்ததை நீ லீவுக்கு வந்தபோது பார்த்தாய். கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவளும் அவள்தான். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, உட்காருங்க, டாக்டர் நல்லாப் பார்ப்பார் என்றால் எவன் உட்காருவான்? என்னிடம் காட்டேன் என்றால், உங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை, அந்த மெஷின் சத்தம்தான் ஆகவில்லை என்கிறாள். நீதான் வழி சொன்னாய். மெஷின் எந்தச் சுருதியில் கத்துகிறதோ அதே சுருதியில் நாமே ஓர் இசை செய்து ஓடவிட்டால் சத்தம் காதிலேயே விழாது, ரொம்ப ஈஸி என்று சொல்லி, இசை செய்கிற சாஃப்ட்வேர் ஒன்றை என் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு நீ பஸ் ஏறிவிட்டாய்.

ஈஸியாம். திரை முழுக்கத் திருகுகிற குமிழ்கள். ஒன்றைத் திருகினால் புல்லாங்குழல் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிறது, இன்னொன்றைத் திருகினால் வாயையே மூடிக்கொள்கிறது, எதைத் திருகினேன் என்று ஞாபகம் இருந்தால்தானே திருப்பி வைக்க. பாடம் நடத்தும் வீடியோக்காரரோ முக்கியமான இடம் வரும்போதெல்லாம் 'இது உங்களுக்கே தெரிந்திருக்கும்' என்று தாண்டிப் போய்விடுகிறார். சரி என்று சுருதி பார்ப்பதற்காக மெஷினை ஓடவிட்டு அதன் சத்தத்தை ஒரு வரிசையில் பதிவு செய்தேன், அதற்கு மேல் வரிசையில் புல்லாங்குழல். கூடவே டிக் டிக் என்று ஒரு தாளம் தானாக வந்தது பார், எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது, மொத்தப் பாட்டையும் அதை நம்பித்தான் கட்டினேன்.

வெயிட்டிங் ரூமுக்குக் கேட்கட்டும் என்று அறைக்குள் போட்டுவிட்டு வந்தால் டிக் டிக்கைக் காணோம். அது வாசிப்பவனுக்கு வழிகாட்டத்தானாம், பாட்டில் வராதாம். தாளம் போனதும் புல்லாங்குழல் வழி தெரியாமல் அலைகிறது. அழிக்க மறந்த மெஷின் மட்டும் தொண்டை கிழியப் பாடுகிறது. நான் கையில் டீயோடு வாசலில் நிற்கிறேன். காத்திருந்தவர்களில் ஒருவர் என்னைப் பார்த்தார், மூடிய அறையைப் பார்த்தார், அடுத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடியே போய்விட்டார்.

"உள்ள யாருங்க இருக்கா?" என்றாள் உன் அக்கா.

"யாருமில்ல."

"அப்ப யாரு பல்லைக் குடையறது?"

மெஷின் வரிசையை மட்டும் ஊமையாக்க ஒரு பட்டன் உண்டாம். அவசரத்தில் பக்கத்துப் பட்டனை அமுக்கித் தொலைத்தேன், மெஷினைத் தவிர மற்றதெல்லாம் ஊமையாகிவிட்டது. காலையிலிருந்து அது ஒன்றுதான் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. மூடப்போனால் சேமிக்கவா வேண்டாமா என்று கேட்கிறது, எதைச் சொல்லவும் பயமாயிருக்கு. இதில் உன் அக்கா, நாளைக்கு எதிர் கிளினிக் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாளாம். வீங்கின கன்னத்தோடு என் பெண்டாட்டியே தெருவைத் தாண்டி அங்கே போனால் நான் போர்டைக் கழற்றி வைக்க வேண்டியதுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை வந்து அந்தச் சனியனைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டுப் போ.

கோபம் கோபமாகவே இருக்கட்டும், நீயும் உன் பெண்டாட்டி பிள்ளைகளும் பல்லும் சொல்லும் குறையாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
நொந்துபோன அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது உன் அக்கா உள்ளே வந்து, தானே நாற்காலியில் ஏறிச் சாய்ந்துகொண்டாள். "காலையிலேர்ந்து கேட்டுக் கேட்டு ஃபேன் சத்தம் மாதிரி ஆயிடுச்சு. சீக்கிரம் பாருங்க" என்றாள். நிஜ மெஷினை வைத்தேன். ஆரம்பித்துவிட்டீர்களா என்று அவள் கேட்டபோது பாதி வேலை முடிந்திருந்தது. எதிர் டாக்டருக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். நீ ஞாயிற்றுக்கிழமை வா, சாப்பிடு, கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் போகாதே. அந்த ஊமைப் பட்டன் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் உன்னோடு வைத்துக்கொள்.