ஈப்போவுக்கு ஒரு கோச்

அறுபத்தோராவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மடியில் முறமும் கையில் முருங்கைக்கீரையுமாக உட்கார்ந்திருந்தபோது நான் வெளிநாடு போவதென்று முடிவெடுத்தேன்.

பெரிய முடிவுகளைக் கீரை ஆயும்போதுதான் எடுக்க முடியும். கைக்கு வேலை இருக்கும். மூளைக்கு லீவு.

நான் சோலைராஜ். கோவில்பட்டியில் முப்பத்து நாலு வருஷம் பி.டி. வாத்தியார். ஹாக்கிக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரியும். இங்கே பிள்ளைகள் நடக்கப் பழகுவதே மட்டையை ஊன்றித்தான். அப்படிப்பட்ட ஊரில் நான் விசில் ஊதினால் எட்டயபுரம் பஸ் பாதி ரோட்டில் நிற்கும். ஒருமுறை நான் அடித்த பந்து வலையைக் கிழித்துக்கொண்டு போய்க் கழுகுமலையில் விழுந்ததாகச் சொல்வார்கள். நானே சொன்னால் நம்ப மாட்டீர்கள் என்பதால்தான் ‘சொல்வார்கள்’ என்கிறேன்.

ஓய்வு பெற்ற மறுநாளே எல்லாம் தலைகீழ். முன்னூறு பிள்ளைகளை ஓடவிட்டவன் நான்; இப்போது என் சத்தத்துக்கு ஓட ஓர் ஆள் கிடையாது. வீட்டில் ஓடுகிற ஒரே ஆள் நான்தான். ரேஷனுக்கு ஓடு, மாவு மில்லுக்கு ஓடு, ஆட்டுக்கு அகத்தி ஒடிக்க ஓடு. ஓடவிடுகிறவள் என் மனைவி ஆவுடைத்தாய்.

அவளும் பி.டி. டீச்சர்தான், ஒரு தனியார் பள்ளியில். என்னைவிட எட்டு வயது இளையவள். கல்யாணத்துக்கு முன்னால் மாநில அணியில் ஃபுல்பேக். சாயந்திரமானால் வீட்டுக்குப் பின்னால் உள்ள காலி மனையில் தெருப் பெண்பிள்ளைகளுக்கு ஏதோ சொல்லிக்கொடுப்பாள். ஏதோதான். அதில் ஆறு பேர் மாவட்ட அணியில் ஆடுகிறார்கள், அதை விடுங்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கீரையை முடித்ததும் நேராகக் கண்ணபிரான் கடைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறான். ஊரில் யார் வெளிநாடு போனாலும் அவன் பிரிண்டர் வழியாகத்தான் போக வேண்டும்.

“அண்ணாச்சி, உங்களுக்குன்னே ஒண்ணு வந்திருக்கு. மலேசியா. ஈப்போ பக்கம் ஒரு பள்ளிக்கூடம். ஹாக்கி கோச் வேணுமாம். ரெண்டு வருஷம்.”

“போடு.”

“வீட்டுல அக்காகிட்ட கேட்டுட்டு…”

“ஏலே, முப்பத்தோரு வருஷமா கேட்டுட்டுத்தான் இருக்கேன். இதையாவது கேக்காம செய்யவிடு.”

கண்ணபிரான் தட்ட ஆரம்பித்தான். “வயசு?”

“அறுபத்தொண்ணு.”

“அம்பத்தஞ்சுக்குள்ளன்னு போட்டிருக்கான்.”

“அப்பம் அம்பத்தஞ்சு.”

“சர்டிபிகேட் பேசுமே அண்ணாச்சி.”

“அந்த சர்டிபிகேட் பேசுதது பொய்டா. தலைக்கு மேல கையப் போட்டுக் காதைத் தொடச் சொல்லி ஹெட்மாஸ்டர் எழுதுன வயசு. எனக்குப் பிறவியிலேயே கை நீளம். மூணு வயசுலேயே காது எட்டிட்டு. அஞ்சுன்னு எழுதிட்டாரு.”

“அப்படிப் பாத்தாலும் அம்பத்தொம்பது வருதே.”

“நீ எதையும் எழுதாத. அந்த எடத்துல ஒரு கோடு போட்டு விடு.”

“சரி. போன் நம்பர்?”

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் உலகத்திலேயே ஒன்றுதான். அதைச் சொன்னேன். அது ஆவுடைத்தாயின் நம்பர். ஆதார், பேங்க், கேஸ், ரேஷன் எல்லாவற்றுக்கும் அதுதான். நான் போனைப் பஸ்ஸில் விட்டுவிடுவேன் என்பது அவள் சொல்லும் காரணம். அபாண்டம். நாலே நாலு தடவைதான் விட்டிருக்கிறேன்.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அடுத்து பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட வேண்டும். கண்ணபிரான் ஏதோ பட்டனை அமுக்கிவிட்டு, “ஓ.டி.பி. வரும் அண்ணாச்சி, சீக்கிரம் சொல்லுங்க” என்றான். வரும்தான். எங்கே வரும்? வீட்டுக்கு ஓடினேன். ஓட்டத்தில் குறை சொல்ல முடியாது.

“ஏட்டி, உன் போன்ல ஒரு நம்பர் வந்திருக்கும். பாத்துச் சொல்லு.”

“எதுக்கு?”

“கேஸ் மானியம்.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

“சிலிண்டரு எந்த நாட்டுல இருந்து வருது?”

“ஏன்?”

“சும்மா கேட்டேன். எழுதிக்கோங்க. நாலு, ஒம்பது, ரெண்டு, ரெண்டு…”

பொம்பளைப் பிள்ளைகளுக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது என்று எனக்கு நானே கை கொடுத்துக்கொண்டு திரும்ப ஓடினேன்.

பத்து நாளில் ஈப்போவிலிருந்து கண்ணபிரானின் ஈமெயிலுக்குப் பதில் வந்தது. பள்ளிக்கூடத்துப் பெண்கள் அணிக்குத்தான் கோச் வேண்டுமாம். பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற மாதிரி ஒரு வீடியோ, வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம்.

வியாழக்கிழமை ராத்திரி பார்த்து ஐப்பசி மழை அடித்து ஊற்றியது.

கரிசலில் மழை பெய்த மறுநாள் கால் வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். நான் வைத்தேன். நாள் கெடு அப்படி. வெள்ளை பேண்ட், வெள்ளை சட்டை, கழுத்தில் விசிலோடு பின்மனையில் இறங்கினேன். ஆவுடைத்தாயின் பிள்ளைகள் பத்துப் பேர் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். கண்ணபிரான் போனைத் தூக்கிப் பிடித்தான்.

“ரிட்டயர்டு வாத்தியார்மாரு வாட்ஸ்அப் குரூப்புக்கு ஒரு சின்ன வீடியோ” என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன்.

முதல் எட்டு வைத்தேன். ஒரு கிலோ மண் ஒட்டியது. இரண்டாவது எட்டு, மூன்று கிலோ. ஐந்தாவது எட்டில் நான் ஓர் அடி வளர்ந்திருந்தேன். ஆறாவது எட்டில் கால் வந்தது, ஷூ வரவில்லை. ஷூவை இழுக்கக் குனிந்தேன். இன்னொரு ஷூவும் உள்ளே போனது. அப்படியே முழங்கால் வரைக்கும் ஊன்றி, நட்டுவைத்த கொடிக்கம்பம் மாதிரி நின்றேன். ஊதிப் பார்த்தேன். விசிலிலிருந்து சத்தம் வரவில்லை, சகதி வந்தது.

“ஏட்டி, எல்லாரும் மேற்கால சரளுக்கு வாங்க!” என்று ஒரு குரல்.

ஆவுடைத்தாய். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். மனையின் மேற்குப் பக்கம் வீடு கட்டக் கொட்டிய சரளில் தண்ணீர் நிற்காது. பிள்ளைகள் சிட்டாகப் பறந்தார்கள்.

“ரெண்டு வரிசை! மட்டையத் தரையோட வை! முத்துச்செல்வி, பந்தப் பாக்காதட்டி, ஆளப் பாரு! குடு, ஓடு, வாங்கு! இன்னொருக்க!”

பத்து நிமிஷம். கண்ணபிரான் எதையெதையோ எடுத்தான். அப்புறம் நாலு பிள்ளைகள் சேர்ந்து என்னைப் பிடுங்கினார்கள்.

“அவ வந்த எடத்தையெல்லாம் வெட்டிட்டு அனுப்புலே” என்றேன்.

“வெட்டுனா நீங்க நட்டுக்கிட்டு நிக்கிற எடம் மட்டுந்தான் மிஞ்சும் அண்ணாச்சி.”

முழுசாகவே போனது.

மறுவாரம் கண்ணபிரானின் கம்ப்யூட்டரில் நேர்காணல். ஈப்போ பள்ளியின் தலைமையாசிரியை பெயர் ப்ரியதர்ஷினி. நம் தமிழ்தான். கொஞ்சம் இழுத்துப் பேசினார்.

“வணக்கம் சார். வீடியோ பார்த்தோம். ரொம்ப நல்லா இருந்துச்சு. சேலை கட்டிக்கிட்டுப் பயிற்சி கொடுத்தாங்களே, அவங்க யாரு?”

“அது என் அசிஸ்டண்ட் மேடம்.”

“எத்தனை வருஷமா?”

“முப்பத்தோரு வருஷமா.”

“நல்லாப் பழக்கியிருக்கீங்க.”

“எல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததுதான். நான் இல்லன்னா ஒண்ணும் தெரியாது.”

“அவங்களுக்கு என்ன வயசு சார்?”

“அம்பத்து மூணு. பச்சப்பிள்ளை.”

“சர்டிபிகேட் எல்லாம் இருக்கா?”

“என்கிட்ட இருக்கிறதெல்லாம் அவகிட்டயும் இருக்கு. கூடவே ஸ்டேட் டீமுல ஆடுன சர்டிபிகேட்டும் இருக்கு. ஆனா என் அனுபவம் வராதுல்ல?”

“வராது சார்” என்று ஒத்துக்கொண்டார். “உங்க விண்ணப்பத்துல வயசு போடுற இடத்துல ஒரு கோடு இருக்கு. சரி, நாங்க போன்ல தொடர்பு கொள்றோம்.”

எனக்கு ஒரே சந்தோஷம். சந்தோஷத்தில் கண்ணபிரானுக்கு இரண்டு பாக்கெட் கடலைமிட்டாய் வாங்கிக்கொடுத்தேன்.

அதற்கப்புறம் ஆவுடைத்தாயிடம் சில மாற்றங்கள். விடிகாலையில் எழுந்து ஓட ஆரம்பித்தாள். புது ஷூ வாங்கினாள். இங்கிலீஷ் சேனல் பார்த்தாள். போன் வந்தால் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள்.

“யாரு?”

“கேஸ் கம்பெனி.”

ஒருநாள் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். “மலேசியாவுல மழை ரொம்பவோ?”

எனக்குப் புரை ஏறியது. “அது உனக்கெதுக்கு?”

“டி.வி.யில காட்டுனான். இன்னும் ரெண்டு கரண்டி வைக்கட்டா? நல்லாச் சாப்பிடுங்க. பின்னால யாரு ஆக்கிப் போடுவா?”

பாவம், நான் போகப்போவது அவள் உள்மனசுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குக் கண் கலங்கியது. பிரிவை நினைத்துத் தன்னைத் தயார்படுத்துகிறாள் போல. ரெண்டு வருஷம்தானே, ஓடிப்போய்விடும் என்று மனசுக்குள்ளேயே அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.

மிச்சமிருந்தது பாஸ்போர்ட் விசாரணை. போலீஸ்காரர் வீட்டுக்கு வருவார், அக்கம்பக்கத்தில் கேட்பார். அவர் ஆவுடைத்தாய் கண்ணில் பட்டால் என் கதை முடிந்தது. ஆகவே நாலு நாளாகத் தெருமுனை டீக்கடையிலேயே காவல் இருந்தேன். ஐந்தாம் நாள் காக்கிச் சட்டை ஒன்று பைக்கில் வந்தது. வழிமறித்தேன்.

“சார்! நான் செல்வகணேஷ். எட்டாங்கிளாஸ் ‘பி’ செக்ஷன்.” இறங்கி சல்யூட் அடித்தான்.

மூன்று வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் சல்யூட்.

“உங்க வீட்டு பாஸ்போர்ட் விசாரணைக்குத்தான் வந்தேன் சார்.”

“வீடு எதுக்குப்பா? இங்கனயே கேளு. டீ சொல்லுதேன்.”

ஃபைலைத் திறந்தான். “சம்பிரதாயத்துக்குத்தான் சார். மனுதாரரு ஆளு எப்படி?”

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். “தங்கம்.”

“வீட்டுல சண்டை சச்சரவு?”

“இந்தத் தெருவுலேயே பொறுமைன்னா அது ஒரே ஆளுதான். எவ்வளவு பொறுக்கணுமோ அவ்வளவும் பொறுத்தாச்சு. எழுதிக்கோ.”

“வெளிநாட்டுல போயி வேலையச் சரியாச் செய்வாங்களா?”

“ஏலே, அந்தக் கையில மட்டை இருந்தா ஈப்போ என்ன, எந்த ஊருலயும் கப்பு நம்மளுக்குத்தான். வீட்டுக்குள்ள போட்டு முடக்கி வச்சது பெரிய பாவம். ஒரு நாள் தாமசம் பண்ணாம அனுப்பி வைக்கணும்.”

செல்வகணேஷ் எழுதுவதை நிறுத்தினான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“பன்னெண்டு வருஷமா விசாரணைக்குப் போறேன் சார். எந்தப் புருஷனும் இப்படிச் சொல்லிக் கேட்டதில்ல. இங்கன சாட்சிக் கையெழுத்துப் போடுங்க.”

புருஷன் என்ற வார்த்தை எங்கேயோ இடித்தது. ஆனால் கை அதற்குள் போட்டுவிட்டது. போட்ட பிறகுதான் மேலே ஒட்டியிருந்த போட்டோவைப் பார்த்தேன். நெற்றியில் பொட்டு. மூக்கில் மூக்குத்தி. ஆவுடைத்தாய்.

“அங்கன எதுக்கு நிக்கிய? தம்பி வந்தா வீட்டுக்குக் கூட்டிட்டு வர வேண்டியதுதான?” என்று பின்னாலிருந்து அதே ஆவுடைத்தாய்.

நான் திரும்பினேன். “இது… இது நான் போட்ட வேலை!”

“உங்க வேலைதான். நம்பரு என் நம்பரு. பள்ளிக்கூடத்துல இருந்து எனக்குத்தான் கூப்பிட்டாவ. உங்களுக்கு வயசு கூடிப்போச்சாம், அசிஸ்டண்ட் வர முடியுமான்னு கேட்டாவ. நீங்கதான் அவ்வளவு புகழ்ந்து சொல்லியிருக்கிய, மாட்டேன்னா உங்களுக்கு மரியாதை இல்லைல்ல? சரின்னுட்டேன். பாஸ்போர்ட்டுக்கும் எழுதிப்போட்டுட்டேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?”

“நீங்க கேட்டியளா?”

டீக்கடைக்காரர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டீ கிளாஸைப் பெஞ்சில் நங்கென்று வைத்தேன்.

“மொகத்தத் தூக்காதிய” என்றாள், குரலைத் தணித்து. “கூட வாரவியளுக்கும் விசா உண்டாம். அவிய மைதானத்துல பையனுவளுக்கு ஆள் இல்லையாம். சும்மா இருந்தா வந்து விசில் ஊதலாம்னு அந்த மேடம் சொன்னாவ.”

எனக்கு உயிர் வந்தது. முன்னூறு மலேசியப் பையன்கள் கண் முன்னால் ஓடினார்கள்.

“அப்பம் என் பாஸ்போர்ட்டு?”

“அதுவும் இந்தப் பைக்குள்ளதான் இருக்கு சார்” என்று செல்வகணேஷ் அடுத்த ஃபைலை எடுத்தான். “இதுக்கு வீட்டுல ஒருத்தர் சொன்னாப் போதும். அம்மா, மனுதாரரு ஆளு எப்படி?”

நான் நிமிர்ந்து நின்றேன். தலைமுடியைக் கோதிக்கொண்டேன். ஆவுடைத்தாய் என்னை, அணிக்கு ஆள் எடுக்கிற மாதிரி, காலிலிருந்து தலைவரைக்கும் ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள்.

“இப்பம் என்ன அவசரம் தம்பி? நான் மொதல்ல போறேன். ஆடு, வீடு, சமையல் எல்லாம் இவிய தனியா எப்படிப் பாக்காவன்னு ஒரு ஆறு மாசம் விசாரிச்சுட்டு, அங்கன இருந்து போன்ல சொல்லுதேன்.”

செல்வகணேஷ் எனக்கு இன்னொரு சல்யூட் அடித்துவிட்டு, என் ஃபைலின் மேல் பென்சிலால் எழுதினான்: ‘விசாரணை நிலுவையில்.’