பாலிக்சியில் பழுதான கியர்

பெட்ரோல் பங்கின் பின்புறம், லாரிகளுக்கு நடுவே காரை ஒளித்து நிறுத்தியிருந்தான் குபாத். அங்கிருந்து எட்டிப் பார்த்தால் பெரியப்பா டோக்டோசுன் வீட்டின் நீலக் கதவு தெரியும். ஏரியின் வடகரையில் இருப்பது ஒரே சாலை. விடுமுறைக்கு வருகிற எவனும் அந்த நீலக் கதவைத் தாண்டித்தான் போயாக வேண்டும். பெரியப்பாவோ மாலையானால் கதவோரப் பெஞ்சில் உட்கார்ந்து, தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வருகிற வண்டிகளை ஒன்று விடாமல் பார்க்கிறவர்.

"வேகமா போயிடலாமா?" என்று மனைவி ஜில்டிஸிடம் கேட்டான்.

"முப்பது வருஷம் பஸ் ஓட்டின மனுஷன். நம்ம வண்டி இருமுறத வச்சே கண்டுபிடிச்சிருவாரு."

அவள் சொன்னது நியாயம்தான். இப்போது கண்டுபிடிக்கப்பட்டால் குடும்பமே கெட்டது.

கல்யாணமான வருடத்திலிருந்து கோடை விடுமுறையின் முதல் இரவுச் சாப்பாடு பெரியப்பா வீட்டில்தான். ஆடு வெட்டுவார்கள். மேசை தெரியாதபடி ரொட்டியும் ஜாமும் பரப்புவார்கள். பெரியப்பா ஏழு தலைமுறைக் கதை சொல்வார். அந்த ஏழு தலைமுறையும் செத்து முடிகிறவரை, வீட்டு மருமகள் என்கிற முறையில் ஜில்டிஸ் தேநீர்ப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் அரைக் கிண்ணம் அரைக் கிண்ணமாக ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு மலை மாதிரிப் பாத்திரம். அவள் பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள். வருடம் முழுக்க அடுத்தவர் வாயையே பார்க்கிறோம், விடுமுறையிலாவது நம் வாயைக் கவனிப்போம் என்று ஆசைப்பட்டதில் தப்பில்லை.

போன வருடம் திரும்பி வரும் வழியில் அவள் சண்டை போடவில்லை, அழுதாள். சண்டை என்றால் குபாத் சமாளித்திருப்பான். அழுகையைக் கண்டதும் வாக்குக் கொடுத்துவிட்டான். அடுத்த வருடம் முதல் நாள் ஏரிக்கரை ஓட்டலில் மீன் வறுவல். நீ சும்மா உட்கார்ந்திருப்பாய், வேறு யாராவது உனக்குத் தேநீர் ஊற்றுவார்கள் என்று. அந்த ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டே அவள் ஒரு வருடத்தை ஓட்டியிருந்தாள் என்பது அவனுக்குத் தெரியும்.

செல்போன் அடித்தது. பெரியப்பா.

"எங்கடா வந்திருக்க?"

"பாலிக்சியில பெரியப்பா. கார் நின்னுபோச்சு." ஏரியின் மேற்கு முனையில் இருக்கிற பாலிக்சியைத் தாண்டி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

"என்னாச்சு?"

காரில் குபாத்துக்குத் தெரிந்த பெரிய உறுப்பு ஒன்றுதான். "கியர்" என்றான்.

கட்டி இழுத்துவர ஆள் அனுப்பட்டுமா என்று பெரியப்பா கேட்டார். வேண்டாம், மெக்கானிக் ஏற்கெனவே பிரித்துப் போட்டுவிட்டான் என்று குபாத் பதறிச் சொன்னான்.

"பிரிச்சே போட்டுட்டானா? அப்ப ராத்திரிக்குள்ள ஆகாதுடா. அங்கேயே ரூம் எடுத்துத் தங்கிடு. இருட்டுல வரவே வராத. பெரியவன் சொல்றேன், கேளு." பெரியப்பாவின் குரல் நடுங்கியது.

போனை வைத்ததும் குபாத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்த மனுஷன் உடைஞ்சே போயிட்டாரு. ஆட்டைக் கட்டி வச்சிருந்திருப்பாரு."

"ஆட்டுக்காவது இன்னிக்கு நல்ல நேரம்" என்றாள் ஜில்டிஸ்.

கொஞ்சம் இருட்டட்டும் என்று காத்திருந்தார்கள். பிறகு ஜில்டிஸ் பின் சீட்டில் படுத்துக்கொண்டாள். மகள் மீரிம் கம்பளிக்குள் போனாள். குபாத் தொப்பியை மூக்கு வரை இறக்கிக்கொண்டு, சாலை பாதி தெரிய, பாதி ஆண்டவன் விட்ட வழியாக ஓட்டினான். நீலக் கதவு கடந்துபோனது. பெஞ்சில் ஆளே இல்லை. துக்கத்தில் படுத்தே விட்டார் போல என்று நினைத்ததும் அவனுக்கு நெஞ்சை என்னவோ செய்தது. ஆனாலும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை.

ஏரிக்கரை ஊரின் முதல் ஓட்டலில், இறைச்சிக் கம்பிகளைத் திருப்பிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். எசென். பெரியப்பா ஓட்டிய பஸ்ஸில் பல வருடம் கண்டக்டராக இருந்தவன்.

"குபாத் தம்பியா? பெரியவரு வீட்டுல சாப்பிடாம இங்க என்ன பண்றீங்க?"

"அவருக்குத்தான் கொஞ்சம் வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றான் குபாத். வாய்க்கு வந்த பொய்களில் இதுதான் உருப்படியானதாகத் தோன்றியது.

எசெனுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. பெரியவருக்கு என்றால் காசு வாங்க மாட்டேன் என்றான். இருந்ததிலேயே கொழுப்பான துண்டுகளாகப் பொறுக்கி, தலையணை அளவுக்கு ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தான். கடையைக் கட்டிவிட்டுத் தானும் பெரியவர் வீட்டுக்கு வந்து கூட உட்கார்ந்து சாப்பிடுவதாகவும் சொன்னான். எவ்வளவு நாளாயிற்று பார்த்து என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

காருக்குள் வாசனை ஆளைத் தூக்கியது. மீரிம் பொட்டலத்தில் கை வைத்தாள்.

"தொடாத. அது பெரியப்பாவோடது" என்றான் குபாத்.

"நாமதான் பாலிக்சியில இருக்கோமே அப்பா. பாலிக்சியில நாம என்ன சாப்பிட்டோம்?"

குபாத் வண்டியைக் கிளப்பினான். எசென் கடையைக் கட்டிப் பெரியப்பாவிடம் போவதற்குள் ஒரு மீனையாவது ஜில்டிஸின் தட்டில் போட்டுவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவன் மண்டையில் ஓடியது. ஊரின் கடைசியில், தண்ணீரை ஒட்டிக் கூடாரங்கள் போட்ட ஓர் ஓட்டல் இருந்தது. சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் யாரும் இருக்கிறார்களா என்று முதலில் தான் மட்டும் இறங்கி, அடுப்படி வரைக்கும் பார்த்துவிட்டு வந்தான்.

ஜில்டிஸ் செருப்பைக் கழற்றிவிட்டு, கூடாரத்துக்குள் விரித்திருந்த மெத்தையில் கால் நீட்டினாள். ஏரி பக்கத்திலேயே சளசளத்தது. ஓட்டல்கார அம்மாள் தேநீர்ப் பானையோடு வந்தாள். ஜில்டிஸ் இரண்டு கையாலும் கிண்ணத்தை நீட்டினாள். அவள் முகத்தைப் பார்த்து, இதற்காக எத்தனை பொய்யும் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டான் குபாத். நினைத்ததைத்தான் ஆண்டவன் கேட்டுவிட்டான் போலிருக்கிறது.

"எந்தக் குலம் தம்பி?" என்று கேட்டாள் அந்த அம்மாள். கிர்கிஸ்காரர்கள் சந்தித்தால் பெயருக்கு முன்னால் கேட்பது அது.

உண்மையைச் சொன்னால் பொழுது விடிவதற்குள் பெரியப்பா காதுக்குப் போய்விடும். இந்தக் கரையில் பாதிப் பேர் மான் குலம், அதனால் கூட்டத்தோடு கூட்டமாக இருக்கட்டும் என்று, "மான் குலம்" என்றான்.

"அட, நாங்களும் அதான். உங்க ஏழு பாட்டன் பேரு சொல்லுங்க பாப்போம்."

குபாத்துக்குத் தன் ஏழு பாட்டன்களையும் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஆனால் அவர்களில் ஒருவர்கூட மான் குலமில்லையே. வேறு வழியில்லாமல் ஆபீசில் கூட வேலை செய்கிறவர்களின் பெயர்களை மேசை வாரியாக ஒப்பித்தான். வாட்ச்மேன் பெயர் வந்தபோது அந்த அம்மாள் பானையைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்தாள். அது அவளுடைய தாத்தாவின் அண்ணன் பெயர். சின்ன வயதில் வீட்டை விட்டு ஓடிப்போனவர். இன்றுவரை குடும்பம் தேடிக்கொண்டிருக்கிறதாம்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். குபாத்தைக் கட்டிப்பிடித்து அவள் அழுதாள். "ஓடிப்போனவரோட பேரன் கெடச்சும் ஓட்டல்ல சோறு போட்டேன்னா ஊரே என்னக் காறித் துப்பும். வீடு பின்னாடிதான் இருக்கு, எந்திரிங்க." பிறகு ஜில்டிஸின் கையிலிருந்த கிண்ணத்தை அன்போடு வாங்கிக் கீழே வைத்தாள். "வாம்மா. மாவு பிசைஞ்சு வச்சிருக்கேன், நீ தேச்சுக் குடுத்தா சீக்கிரம் ஆயிரும். இனி நீயும் எங்க வீட்டு மருமக. தேநீர் நீதான் ஊத்தணும்."

பெட்டியை எடுத்து வருகிறோம் என்று காருக்குப் போனவர்கள், ஏறியதும் பறந்துவிட்டார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் ஜில்டிஸ் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள்.

"ஊத்தித்தான் ஆகணும்னா நெசமான சொந்தக்காரங்களுக்கே ஊத்திட்டுப் போறேன். வண்டியத் திருப்புங்க."

"உனக்கு வாக்குக் கொடுத்தேனே."

"கொடுத்தீங்க. காப்பாத்தறதுக்கு ஆபீஸ் வாட்ச்மேன் வரைக்கும் பாட்டனாக்கிட்டீங்க. இதுக்கு மேல ஒரு புருஷன் என்ன பண்ணுவான்?" அவன் தோளில் கை வைத்தாள். "பாவம், பெரியம்மா காலையிலேர்ந்து அடுப்படியில நின்னிருப்பாங்க. போயி ஒரு கை குடுக்கறேன்."

குபாத் வண்டியைத் திருப்பினான். கொடுத்த வாக்கு நிறைவேறாததில் அவனுக்கு வருத்தமும், இப்படி ஒருத்தி கிடைத்ததில் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. அதில் கொஞ்சம் பசியும் சேர்ந்திருந்தது.

நீலக் கதவுக்கு முன்னால் கார் நின்றது. ஜில்டிஸ் மருமகள்கள் கட்டுகிற மாதிரித் தலைத்துணியை இறுக்கிக் கட்டி, சட்டைக் கையை முழங்கை வரை ஏற்றிக்கொண்டாள். குபாத் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு, மெக்கானிக் கெட்டிக்காரன் என்று சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான்.

கதவில் பூட்டு தொங்கியது. வீட்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. குபாத் பூட்டை இழுத்துப் பார்த்தான். பெரியப்பாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது, தன் பொய்தான் காரணம் என்று நடுங்கிப்போய்ப் பக்கத்து வீட்டை நோக்கிக் குரல் கொடுத்தான்.

பால் வாளியோடு ஒரு பெண் வேலிக்கு வந்தாள். அவர்களைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள். அவள் முகம் தொங்கிப்போயிற்று.

"அதுக்குள்ள ரிப்பேர் பண்ணிட்டாங்களா?"

"ஆமாக்கா. பெரியப்பா எங்க? உடம்புக்கு ஏதாவது?"

"அவருக்கென்ன, கோட்டு போட்டுக்கிட்டு ஜம்முனு போயிருக்காரு. பெரியம்மாவ ஏரிக்கரை ஓட்டலுக்குக் கூட்டிட்டு" என்றாள் அவள். "கோடை பூரா ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வந்துக்கிட்டே இருக்கீங்களா, ஒரு நாளாவது யாராவது சமைச்சுப் போட்டு ஒக்காந்து சாப்பிடணும்னு அந்தம்மா வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டிருந்துச்சு. இன்னிக்குத்தான் வாய்ச்சுது. உங்க கியர் விடியற வரைக்கும் சரியாகவே கூடாதுன்னு, ரெண்டு கையையும் முகத்துல தடவி ஆண்டவன வேண்டிக்கிட்டுல்ல வண்டி ஏறுச்சு."